காணாமல் போன நாலாவது சிலிண்டர்

ஆம்பூர் பைபாஸில் இறங்கி ஏகாம்பரம் கம்பெனி எது என்று யாரைக் கேட்டாலும் கையை நீட்டிக் காட்டுவார்கள். ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துக் கொடுக்கிற கம்பெனி. (அடிப்பாகத்தை வேறு யாரோ ஒட்டுகிறார்கள். அதை யார் பார்க்கப் போகிறார்கள்?) அதைக் கட்டியவன் நான். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். பச்சைத்தோல் மண்டியில் உப்பு உதறுகிற வேலையில் ஆரம்பித்தவன். பாலாற்றில் தண்ணீரே வராத வருஷங்களிலெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. வந்த ஒரே வருஷத்தில் அந்த ஆறு என் கொட்டகையை விசாரித்துக்கொண்டு வந்து, இரண்டு தையல் மெஷின்களோடு இழுத்துக்கொண்டு போனது. மறுபடியும் கட்டினேன். சொந்த வீடு கட்டினேன். எங்கள் தெருவுக்குப் பஸ் நிழற்குடை கட்டினேன். (பஸ் அந்தப் பக்கம் வருவதில்லை. அது அரசாங்கத்தின் குறை.) மாரியம்மன் கோயில் வளைவு கட்டினேன். அதில் அம்மன் பெயரைவிட என் பெயர் கொஞ்சம் பெரியது, ஏனென்றால் என் பெயரில் எழுத்து ஜாஸ்தி.

இவ்வளவும் கட்டிய ஆளை ஊரில் எப்படிக் கூப்பிடுகிறார்கள் தெரியுமா? "நாலு சிலிண்டர்."

கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தால், "நாலு சிலிண்டருக்கு இன்னொரு வடை போடுப்பா" என்கிறார்கள். அந்தப் பெயர் வந்த கதையை என் மனைவி சரோஜா ஒரு மாதிரி சொல்கிறாள், மெக்கானிக் கவுஸ் பாய் வேறு மாதிரி சொல்கிறார். இரண்டிலும் நான்தான் முட்டாள். நடந்தது என்ன என்று நான் சொல்கிறேன். அதிலும் நான்தான் முட்டாள். ஆனால் காரணத்தோடு.

காரணம் தோலிலிருந்து வருகிறது. மண்டியில் தோல் வாங்குகிறவன் முதலில் அதைத் தரையில் விரித்து நாலு காலும் இருக்கிறதா என்று பார்ப்பான். ஒரு காலையோ வயிற்றோரத்தையோ வெட்டி எடுத்துக்கொண்டு, மீதியை மடித்து, முழுத்தோல் என்று தலையில் கட்டுகிற கில்லாடிகள் உண்டு. அப்படிப் பழகிய கண் எதைப் பார்த்தாலும் நாலைத்தான் தேடும். நான் என் முதல் காரை வாங்கியதும் அப்படித்தான். யாரோ ஓட்டிப் பழக்கிய சின்ன வெள்ளைக் கார். நாலு கதவு, திறந்து பார்த்தேன். நாலு சக்கரம், உதைத்துப் பார்த்தேன். பானெட்டைத் தூக்கினேன். உள்ளே ஒரு கறுப்பு மூடி, அதன் தலையிலிருந்து கறுப்பு ஒயர்கள் கிளம்பின. எண்ணினேன். நாலு.

"நாலு சிலிண்டர் வண்டி" என்று அன்று சாயங்காலமே பஜார் முழுக்கச் சொல்லிவிட்டேன். யாரும் மறுக்கவில்லை. என்னிடம் மறுத்துப் பேசினால் கோயில் வளைவு கட்டிய கதையை ஆரம்பிப்பேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

என் ஒரே மகள் ரேவதி வேலூரில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தாள். முடித்ததும், "கம்பெனியில் வந்து உட்காரு, ஏசி ரூம் போட்டுத் தர்றேன்" என்றேன். அவளுக்கு எஞ்சின்தான் வேண்டுமாம். இரண்டு இடத்துக்கு இன்டர்வியூ போனாள். இரண்டிலும், பெண்பிள்ளைக்கு ஆபீஸ் பக்கம் இடம் இருந்தால் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதாக ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. எஞ்சினை ஓட்டிப் பார்த்துப் பரிசோதிக்கிற பிரிவு. அவள் கனவில் வருகிற வேலை அதுதான். எனக்கும் அவளுக்கும் ஓர் ஒப்பந்தம் ஆனது. இது கிடைத்தால் அவள் வழியில் நான் குறுக்கே நிற்கக்கூடாது. கிடைக்காவிட்டால் பேசாமல் வந்து என் கம்பெனியில் உட்கார வேண்டும். ஏசி ரூமுக்கு நான் அளவுகூட எடுத்து வைத்துவிட்டேன். இந்த விஷயத்தை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். பின்னால் இதுதான் என் கழுத்தைப் பிடித்தது.

"பஸ்ஸில் போய்க்கிறேன் நைனா" என்றாள் ரேவதி.

"நாலு சிலிண்டர் வண்டி வாசல்ல நிக்கறப்ப பஸ்ஸா?" என்றேன்.

அதற்கு முந்தின வாரம்தான் கவுஸ் பாயிடம் வண்டியை விட்டிருந்தேன். அவர் கார்பரேட்டரைக் கழுவி மாட்டிக் கொடுத்தார். கவுஸ் பாய் எனக்குச் சின்ன வயது தோஸ்த். நான் தோல் தூக்கிய காலத்தில் அவர் லாரி ஷெட்டில் ஸ்பேனர் தூக்கினார். அவரை நான் உயிராக நம்பியிருந்தேன், இன்டர்வியூ அன்று காலை காவேரிப்பாக்கம் வரைக்கும்.

விடிந்ததும் கிளம்பினோம். நான் ஓட்ட, சரோஜா பக்கத்தில் எலுமிச்சை சாதத் தூக்கோடு உட்கார, ரேவதி பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு பாடம் ஒப்பித்துக்கொண்டே வந்தாள். பள்ளிகொண்டா தாண்டியது, வேலூர் தாண்டியது, வாலாஜா தாண்டியது. எனக்குப் பெருமையாக இருந்தது, அந்த வாக்கியம் காதில் விழுகிற வரைக்கும்.

"மூணு சிலிண்டர், ஒரே வரிசை. வண்டிக்குக் குறுக்கே வெச்ச எஞ்சின். ஃபயரிங் ஆர்டர் ஒன்னு, மூணு, ரெண்டு."

"இன்னாது?" என்றேன்.

"ஃபயரிங் ஆர்டர் நைனா. எந்த சிலிண்டர் முதல்ல வெடிக்கும், எது அடுத்து வெடிக்கும்ன்ற வரிசை."

"அது தெரியும்." (தெரியாது.) "எந்த வண்டிக்கு?"

"நம்ம வண்டிக்குத்தான். நாம வந்த வண்டியப் பத்தியே கேட்டாலும் கேப்பாங்க."

எனக்கு ஸ்டியரிங் வழுக்கியது. ஒரு வாக்கியத்தில் மூன்று தப்பு. நாலை மூணு என்கிறாள். எஞ்சின் குறுக்கே இருக்கிறது என்கிறாள். நான் பார்த்த லாரிகளிலெல்லாம் எஞ்சின் மாடு நிற்கிற மாதிரி நீளவாக்கில்தான் நிற்கும். போதாததற்கு ஒன்று, மூன்று, இரண்டு என்று எண்ணுகிறாள்! காலேஜ் முடித்த பெண்! என் கம்பெனியில் மேல்பாகம் தைக்கிற வரிசை இருக்கிறது. முதல் மெஷின் முடித்தால்தான் இரண்டாவதுக்குப் போகும், இரண்டாவது முடித்தால்தான் மூன்றாவதுக்கு. மூன்றாவது ஆள் முந்திக்கொண்டால் கயிறு கோர்க்கிற ஓட்டை குதிகால் பக்கம் வந்துவிடும். அந்த வரிசையை நிலைநிறுத்தித்தான் நான் மனிதனானேன்.

"ரெண்டு இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றேன்.

"அது அப்படித்தான் நைனா. கொஞ்சம் பேசாம வாங்க, மறந்துடும்."

இதை அங்கே போய்ச் சொன்னால் சிரித்து அனுப்பிவிடுவார்களே! காவேரிப்பாக்கத்தில் ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தினேன். ரேவதி பக்கத்துப் பெட்ரோல் பங்கில் முகம் கழுவப் போனாள். சரோஜா இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். ரேவதி திரும்பி வருவதற்குள் நாலையும் எண்ணிக் காட்டத் தயாராக வைத்திருக்கலாம் என்று பானெட்டைத் தூக்கினேன்.

மூடியின் தலையில் ஒயர்கள் இருந்தன. எண்ணினேன். நாலு. "பாத்தியா!" என்று டீக்கடைக்காரரிடம் சொன்னேன். அவர் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் பார்த்தார்.

அதோடு பானெட்டை மூடியிருந்தால் நான் இன்றைக்கும் ஏகாம்பரம் முதலாளி. ஆனால் ஒவ்வொரு ஒயரும் எங்கே போகிறது என்று விரலை வைத்து ஓட்டினேன். முதல் ஒயர் எஞ்சினுக்குப் போனது. இரண்டாவது எஞ்சினுக்கு. மூன்றாவது எஞ்சினுக்கு. மூடியின் நட்டநடுவிலிருந்து கிளம்பிய நாலாவது ஒயர் எஞ்சினைத் திரும்பியும் பார்க்காமல், ஓரத்தில் திருகியிருந்த ஓர் உருண்டை டப்பாவில் போய்ச் சொருகிக்கொண்டிருந்தது.

எனக்கு மண்டிக் கண் திறந்துகொண்டது. ஒரு காலை வெட்டி எடுத்துவிட்டு மடித்துக் கொடுத்த தோல்! என் நாலாவது சிலிண்டரைக் கழற்றிக்கொண்டு, ஒயர் தொங்கினால் கண்டுபிடித்துவிடுவேன் என்று ஒரு தகர டப்பாவில் செருகி வைத்திருக்கிறார்கள். கடைசியாக வண்டியில் கை வைத்தது யார்?

போனை எடுத்தேன்.

"பாய், உண்மையச் சொல்லு. என் சிலிண்டர் எங்க?"

"எந்த சிலிண்டர்?" என்றார் கவுஸ் பாய். நாஷ்டா சாப்பிடுகிற சத்தம் கேட்டது.

"நாலாவது!"

"உன் வண்டிக்கு மூணுதானே ஏகாம்பரம்."

"இப்ப மூணு. உன் ஷெட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி?"

சாப்பிடுகிற சத்தம் நின்றது. "யோவ், சிலிண்டர் இன்னா பல்லா, ஒண்ண மட்டும் புடுங்கி வெச்சிக்க? மூணு ஓட்டையும் ஒரே இரும்புல குடைஞ்சதுய்யா."

"அப்ப நாலாவது ஒயரு ஏன் டப்பாவுக்குப் போவுது?"

"அது காயில்! அங்கருந்துதான் கரண்டு வருது! மூடிக்குள்ள வந்து மூணுக்கும் பிரிஞ்சு போவுது. அல்லா, காலங்காத்தால பேஜார் பண்றியே. இரு, ஒயர்ல எதுலயும் கை வெக்காத, வெச்சேன்னா..."

நான் போனை வைத்துவிட்டேன். மாட்டிக்கொண்டவன் சத்தம் போடுவது மண்டியில் தினமும் பார்ப்பதுதான்.

"இன்னா சொல்றாரு பாய்?" என்றாள் சரோஜா காருக்குள்ளிருந்து.

"பிரிஞ்சு போவுதாம். நட்பே பிரிஞ்சு போச்சு."

சரி, போனது போகட்டும், மகள் பாடத்தைக் காப்பாற்றுவோம் என்று யோசித்தேன். சிலிண்டர் மூன்று என்று அவள் சொல்வது இப்போது சரியாகிவிட்டது. (பாயின் புண்ணியத்தில்.) குறுக்கே இருக்கிறது என்பதும் சரி. நன்றாகப் பார்த்தால் மூன்றும் ஒரு கதவுப் பக்கத்திலிருந்து மறு கதவுப் பக்கம் வரைக்கும் வரிசையாக நின்றன. பாக்கி இருப்பது அந்த எண்ணிக்கைதான். மூடியைச் சுற்றி விரலை ஓட்டினேன். முதல் துளை முதல் சிலிண்டருக்குப் போகிறது. அடுத்த துளை மூன்றாவதுக்கு. கடைசித் துளை இரண்டாவதுக்கு. ஒயர்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அடடா, பெண்ணின் மேல் தப்பில்லை! இந்த வண்டியைப் பார்த்துத்தான் அவள் படித்திருக்கிறாள். பாய் தப்பாக மாட்டிக் கொடுத்ததைப் பார்த்துக் குழந்தை ஒன்று, மூன்று, இரண்டு என்று மனப்பாடம் செய்திருக்கிறது!

ஆக, வண்டியைச் சரிசெய்தால் பாடமும் சரியாகிவிடும்.

எஞ்சினுக்குப் போகிற மூன்று ஒயரையும் பிடுங்கினேன். ஒன்றை ஒன்றுக்கு மாட்டினேன், இரண்டை இரண்டுக்கு, மூன்றை மூன்றுக்கு. ஒரு ஒயர் எட்டாமல் கொஞ்சம் கட்டையாக நின்றது. ஈரத்தோலை இழுத்துப் பலகையில் ஆணி அடித்தவனுக்கு ஒயர் எம்மாத்திரம்? இழுத்தேன், எட்டியது. இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தேன். ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், வகிடு எடுத்துச் சீவிய தலை மாதிரி இருந்தது. பானெட்டை மூடிவிட்டுக் கையைத் துடைத்தேன். துடைத்த துணி சரோஜாவின் புதுக் கர்ச்சீப் என்பது பிறகு தெரிந்தது.

ரேவதி வந்தாள். "போலாமா நைனா? நேரம் சரியா இருக்கு."

சாவியைத் திருகினேன். வண்டி இருமியது. மறுபடி திருகினேன். தும்மியது. மூன்றாவது தடவை கோபத்தோடு ஆக்ஸிலேட்டரை மிதித்துத் திருகியபோது, பின்னாலிருந்து "டமார்!" என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள். டீக்கடைப் பாய்லர் மூடி கீழே விழுந்து உருண்டது. பெஞ்சில் இருந்தவர்களில் பாதிப்பேர் தரையிலும், மீதிப்பேர் ரோட்டின் மறுபக்கத்திலும் இருந்தார்கள். மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் நெமிலிப் பக்கமாக ஓடின. திரும்பி வந்தனவா என்று எனக்குத் தெரியாது.

"வெடிகுண்டா?" என்றார் மேஜைக்கு அடியிலிருந்து டீக்கடைக்காரர்.

"நாலு சிலிண்டர் வண்டி, சத்தம் அப்படித்தான் இருக்கும்" என்றேன் பழக்கதோஷத்தில்.

ஆபத்து இல்லை என்று தெரிந்ததும் ஊரே டாக்டராகிவிட்டது. டேங்கில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்றார் ஒருவர். திருஷ்டி என்றார் ஒரு பெரியம்மா. லுங்கி மூட்டைகள் ஏற்றி வந்த குடியாத்தம் வேன்காரர் ஒருவர், "தள்ளிப் பாத்தா ஓடிப்பூடும்" என்று ஆளைச் சேர்த்தார். தள்ளினார்கள். நான் ஸ்டியரிங்கில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். "டமார்!" தள்ளியவர்கள் முகமெல்லாம் கறுப்பு. வேன்காரர், "அண்ணே, இது காரு இல்ல, தீபாவளி" என்று சொல்லிவிட்டு லுங்கி மூட்டைகளைக் காப்பாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ரேவதி பானெட்டைத் தூக்கினாள். "நைனா, எதையாவது தொட்டீங்களா?"

"நான் ஏன் தொடப்போறேன்?"

கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் சொன்னேன். சரிசெய்ததைத் தொட்டது என்று சொல்ல முடியாது என்பது என் மனசாட்சியின் கட்சி. அவள் நம்பினாள். அப்பன் சொன்னால் நம்புகிற பெண். பெட்ரோல் வருகிறதா என்று பார்த்தாள். காற்றுச் சல்லடையைக் கழற்றித் தட்டினாள். பிளக்கைக் கழற்றினால் ஒயரையும் பார்த்துவிடுவாளோ என்று, "அதெல்லாம் வேணாம், பாட்டரிதான்" என்று நான் வேறு வழிகாட்டினேன். புது மஞ்சள் சுடிதாரில் கிரீஸ் ஏறிக்கொண்டே போனது. கடைக் கடிகாரம் எங்களைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தது. சென்னை பஸ் ஒன்று கையைக் காட்டியும் நிற்காமல் போனது. அவள் உதடு துடிக்க ஆரம்பித்தது.

சரோஜா கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். கையில் கறுப்புக் கர்ச்சீப்.

"அவரைக் கேக்காதடி. நீ அந்தாண்ட போனதும் ஒவ்வொண்ணா புடுங்கி, ஒவ்வொண்ணா சொருவினாரு. நான் கண்ணால பாத்தேன். பாய்கிட்ட வேற சண்டை."

ரேவதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"வேணும்னே பண்ணீங்களா நைனா?"

"இன்னாம்மா?"

"எனக்கு இந்த வேலை கெடைக்கக் கூடாதுன்னு பண்ணீங்களா? ஏசி ரூமுக்கு அளவெல்லாம் எடுத்து வெச்சிருக்கீங்களாமே. அம்மா சொன்னாங்க. நேராச் சொல்லியிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேனே. இவ்ளோ தூரம் கூட்டிணு வந்து..."

அவள் அழுதாள். கூட்டம் என்னைப் பார்த்தது. மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்திருந்த டீக்கடைக்காரர்கூட முறைத்தார்.

எனக்கு முன்னால் இரண்டே வழி. பெற்ற பெண்ணின் பிழைப்பைக் கெடுத்த அயோக்கியன் ஆவது, அல்லது ஒன்றும் தெரியாதவன் ஆவது. இரண்டாவது வழியில் நான் அதுவரை காலே வைத்ததில்லை. கட்டடம் கட்டுகிறபோது கொத்தனாரிடம் சொன்னதில்லை. பேங்க் மேனேஜரிடம் சொன்னதில்லை. ஆபரேஷன் டேபிளில் டாக்டரிடமே நான் யோசனை சொன்னவன். தொண்டை வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போனது அந்த வார்த்தை.

"தெரியாதும்மா" என்றேன். "சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ எண்ணுறது தப்புன்னு நெனச்சேன். அங்க போய் நீ அசிங்கப்படக்கூடாதேன்னு வண்டிய மாத்தி வெச்சேன்."

"எப்படி மாத்தினீங்க?"

"ஒன்னு, ரெண்டு, மூணு. ஒழுங்கான மனுசன் எண்ணுற மாதிரி."

அவள் அழுகையை அப்படியே நிறுத்தினாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. இன்னும் அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

குனிந்து, இரண்டு ஒயரைப் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினாள். அவ்வளவுதான். செருகும்போதே எனக்குச் சொன்னாள்: "நம்ம கம்பெனில பேர் வரிசைல டீ குடுக்கச் சொல்வீங்கள்ல? ரெண்டாவது ஆளு பாத்ரூம் போயிருப்பான், டீய அவன் மெஷின் மேல வெச்சிட்டுப் போவாங்க, அது கொட்டி தோலு பாழாவும். அதேதான் இது. முதல் பிஸ்டன் வேலைய முடிச்சதும் அடுத்து மேல வந்து நிக்கறது மூணாவதுதான். உள்ள இருக்கற தண்டு அப்படித்தான் வளைஞ்சிருக்கு. யாரு மேல வந்து நிக்கறானோ அவனுக்குத்தான் நெருப்பு குடுக்கணும். நீங்க ரெண்டுக்குக் குடுத்தீங்க. அவன் இன்னும் வந்தே சேரல. வால்வுக் கதவு தொறந்து கெடந்துது, நெருப்பு வெளில ஓடிச்சு. அதான் டமார்."

எல்லாம் சரி. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம், அது இன்றுவரை நியாயமான சந்தேகம் என்றே நினைக்கிறேன். "அடுத்து வர்றது அவன்தான்னா, அவனுக்கே ரெண்டுன்னு பேரு வெச்சிருக்கலாமே?"

"வண்டில ஏறுங்க நைனா" என்றாள். ஸ்டியரிங்கில் அவள் உட்கார்ந்தாள். என்னைப் பின்சீட்டுக்கு அனுப்பினாள். சரோஜா எலுமிச்சை சாதத் தூக்கை என் மடியில் வைத்து, "இத மட்டும் திறந்து சரி பண்ணிடாதீங்க" என்றாள்.

இன்டர்வியூவுக்கு நேரம் தாண்டித்தான் போய்ச் சேர்ந்தோம். கேட்டில் காவலாளி விடவில்லை. நான் இறங்கிக் கோயில் வளைவு கட்டிய கதையை ஆரம்பித்தேன். பாதிக்கு வருவதற்குள் ரேவதியை உள்ளே விட்டுவிட்டார். (என் முதல் பங்கு. குறித்துக்கொள்ளவும்.) மஞ்சள் சுடிதாரில் கிரீஸ், கன்னத்தில் கரி, கழுவியும் போகாத கறுப்புக் கை. அப்படியே போய் அவர்கள் முன்னால் உட்கார்ந்தாளாம்.

உள்ளே நடந்தது அவள் சொன்னதுதான். ஏன் லேட் என்று கேட்டார்கள். ஃபயரிங் ஆர்டர் மாறிவிட்டது, சரிசெய்துவிட்டு வருகிறேன் என்றாள். யார் மாற்றினார்கள் என்று கேட்டதற்கு, "ரொம்ப அனுபவமுள்ள ஒருத்தர்" என்றாளாம். மூன்று பேரில் நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர், "சரி, மூணு சிலிண்டர் எஞ்சின்ல வரிசை மாறினா என்னென்ன ஆகும்?" என்று கேட்டிருக்கிறார். காலையிலிருந்து வந்த பிள்ளைகள் எல்லாரிடமும் கேட்ட கேள்விதானாம். எல்லாரும் புத்தகத்தில் இருப்பதை ஒப்பித்திருக்கிறார்கள். இவள் எந்தச் சத்தம் முதலில் வரும், எது பின்னால் வரும், புகை என்ன நிறம், என்ன வாசனை, தள்ளினால் என்ன ஆகும், பாய்லர் மூடி எவ்வளவு தூரம் உருளும் என்பது வரைக்கும் சொன்னாளாம். ஒரு சிலிண்டர் மட்டும் சரியாக வெடித்து மற்ற இரண்டும் ஏமாறுகிறபோது வண்டி எப்படிக் குலுங்கும் என்று நாற்காலியை ஆட்டியே காட்டினாளாம்.

கடைசியில் அந்தப் பெரியவர், நீ எங்களை ஏதாவது கேட்க வேண்டுமா என்றிருக்கிறார். "எங்க நைனா ஒரு கேள்வி கேட்டாரு சார். அடுத்து வர்றவன்தான் மூணாவதுன்னா, அவனுக்கே ரெண்டுன்னு பேரு வெச்சா என்ன?" மூன்று பேரும் சிரித்தார்களாம். "நீயே பதில் சொல்லு" என்றாராம். "பேர் இடத்த வெச்சுக் குடுக்கறது சார். நெருப்பு நேரத்த வெச்சுக் குடுக்கறது" என்றாளாம். பெரியவர் அதை எழுதி வைத்துக்கொண்டாராம்.

வேலை கிடைத்தது. எஞ்சின் பரிசோதிக்கிற வேலையேதான்.

அளவெடுத்து வைத்த ஏசி ரூமைக் கட்டி, தோல் வைக்கிற ரூம் ஆக்கிவிட்டேன். தோலுக்கும் குளிர்ச்சி நல்லதுதான். கம்பெனியில் இப்போது பேர் வரிசையில் டீ கிடையாது. யார் வேலையை முடித்து நிமிர்கிறார்களோ அவர்களுக்கு. தோல் பாழாவது கம்மியாகிவிட்டது. அந்த முறையைக் கண்டுபிடித்தவன் நான் என்று ஒரு போர்டு எழுதி மாட்டியிருக்கிறேன்.

கவுஸ் பாய் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ரேவதி கல்யாணத்துக்கு, என் கம்பெனி ஷூ டப்பாவிலேயே, கலர் பேப்பர் சுற்றி ஒரு பரிசு கொண்டுவந்தார். பந்தி நடுவில் பிரித்தேன். உள்ளே பஞ்சு மெத்தையில் ஒரு பழைய பிஸ்டன். "உன் நாலாவது. இத்தினி நாளா வீட்ல வெச்சிணு தூக்கமே இல்ல ஏகாம்பரம்" என்றார், ஊரே கேட்க. அன்றைக்கு விழுந்த பெயர்தான் இன்றைக்கும் வடையோடு வருகிறது. வீட்டில் எது காணாமல் போனாலும், கத்தரிக்கோலோ மூக்குக் கண்ணாடியோ, பேரப்பிள்ளைகள் தேடுவதே இல்லை. "பாய் தாத்தா எடுத்துணு பூட்டாரு" என்கிறார்கள். பிஸ்டன் என் மேஜையில்தான் இருக்கிறது. நல்ல கனம், ஃபேன் காற்றுக்குக் காகிதம் பறக்காது.

இதையெல்லாம் நான் இப்போது உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போன மாதம் ரேவதிக்கு அவள் கம்பெனியில் ஒரு விருது கொடுத்தார்கள். அவள் தலைமையில் புதிதாகச் செய்த ஒரு சின்ன எஞ்சினுக்காக. (அதுவும் மூன்று சிலிண்டர்தான். கேட்டுவிட்டேன்.) நாங்கள் எல்லாரும் போயிருந்தோம். மேடையில் மைக்கைப் பிடித்துப் பேசினாள். ஆசிரியர்களுக்கு நன்றி சொன்னாள். அன்றைக்கு உண்மையைப் போட்டு உடைத்த அம்மாவுக்கு நன்றி சொன்னாள். புதுச் சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கவுஸ் பாய்க்கு, பெயர் சொல்லி நன்றி சொன்னாள். அவர் எழுந்து நின்று சலாம் வேறு வைத்தார். என் முறைக்காக நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

"எங்க நைனாவும் வந்திருக்காரு" என்றாள்.

வந்திருக்காராம்! நாற்காலிகூடத்தான் வந்திருந்தது. பந்தல்காரர் கொண்டுவந்திருந்தார்.

ரேவதி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். கேட்டுக்கொள். அந்த இன்டர்வியூவில் மற்ற பிள்ளைகளுக்கு இல்லாதது உனக்கு என்ன இருந்தது? புத்தகம் எல்லாருக்கும் இருந்தது. மார்க் எல்லாருக்கும் இருந்தது. பாய்லர் மூடி உருண்டதைக் கண்ணால் பார்த்தவள் நீ ஒருத்திதான். அதை உருட்டியவன் யார்? அந்தக் கேள்வியை உன் வாயில் வைத்து அனுப்பியவன் யார்? நான் கட்டியது எல்லாவற்றிலும் என் பெயர் இருக்கிறது. நிழற்குடையில் இருக்கிறது, வளைவில் இருக்கிறது, டீ போர்டில்கூட இருக்கிறது. உன்னில் மட்டும் எங்கேயும் எழுதவில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, காவேரிப்பாக்கத்தில், ஊர் பார்க்க, தெரியாது என்று சொன்னேன். அது உனக்காகச் சொன்னது. மேற்படி தெரியாமைக்கு உரிய முழுப் பெருமையும் எனக்கு மட்டுமே சேர வேண்டும். அடுத்த மேடையில் அதைப் பெயரோடு சொல்ல வேண்டும். கவுஸ் பாய்க்கு முன்னால்.